மொட்டை யார் கூப்பிட்டால் வரும்?

அந்த வீட்டில் அம்மா கூப்பிட்டால் மொட்டை வரும். அப்பா கூப்பிட்டாலும் வரும். மிளகு கூப்பிட்டால் குடுகுடுவென்று ஓடியே வரும். டமாரம் கூப்பிட்டால் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

"பாரு அக்கா! நானும் கையைத்தானே ஆட்டுறேன்?"

டமாரம் இரண்டு கைகளையும் காற்றாடி மாதிரிச் சுற்றினான். மொட்டை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மொட்டை ஒரு ரோபோ. மிளகின் இடுப்பு உயரம் இருக்கும். வழுவழுவென்று வெள்ளைத் தலை. அதில் வட்டமாக இரண்டு விளக்குக் கண்கள். காலுக்குப் பதில் சக்கரங்கள். அம்மா வேலை செய்யும் பட்டறையில் அதற்கு எழுத்தும் எண்ணுமாக நீளமாய் ஒரு பெயர் உண்டு. வீட்டுக்கு வந்த அன்றே டமாரம் அதன் தலையைத் தடவிப் பார்த்து, "மொட்டை!" என்றான். அதற்குப் பிறகு அந்த நீளப் பெயரை யாரும் சொல்லவில்லை.

டமாரமும் அவனுடைய நிஜப் பெயர் இல்லை. அவன் வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். அதனால் வந்த பெயர். அவன் அக்கா ஆள் சின்னவள், பேச்சில் காரம். அதனால் அவள் மிளகு.

பட்டறைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் அம்மா மொட்டையை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தாள். ரோபோக்களுக்குப் பாட்டையும் கை சைகைகளையும் கற்றுக்கொடுப்பது அம்மாவின் வேலை. மொட்டை பாடம் முடித்ததும் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்குப் போகப் போகிறது.

"அங்க சில பிள்ளைங்களால பேச முடியாது. சில பேரால எழுந்து நடக்க முடியாது" என்று அம்மா சொல்லியிருந்தாள். "கையைக் காட்டினா இது பக்கத்துல போய் நிக்கணும். பாட்டுப் போட்டா ஆடணும். படுத்தே கிடக்கிற பிள்ளைக்கு ஒரு துணை."

தினமும் சாயங்காலம் முன்னறையில் பாடம் நடக்கும். அங்கேதான் அப்பாவின் தையல் மிஷினும் இருந்தது. அப்பா ஒரு மூலையில் சட்டைகள் தைத்துக்கொண்டிருப்பார். அம்மா மடிக்கணினியோடு தரையில் உட்காருவாள். மிளகு மொட்டைக்கு எதிரில் நின்று, "வா" என்று கையை அசைப்பாள். திரும்பத் திரும்ப அசைப்பாள். அவள் கை வலிக்கும்போது அம்மா அசைப்பாள். சில சமயம் அப்பாவும் கழுத்தில் அளவு டேப் தொங்க, ஒரு கையால் துணியைத் தள்ளிக்கொண்டே மறு கையை அசைப்பார். பிறகு பாட்டு. சின்ன ஒலிபெருக்கியில் பாட்டு வரும், மொட்டை இடமும் வலமுமாக ஆடும்.

"அதுக்கு எப்படிம்மா தெரியுது?" என்று மிளகு கேட்டாள்.

"அதுக்குக் கைன்னா என்னன்னே தெரியாது" என்றாள் அம்மா, மூக்கில் இறங்கிய கண்ணாடியை விரலால் மேலே தள்ளிக்கொண்டு. "தோள்ல ஒரு புள்ளி, முழங்கையில ஒரு புள்ளி, மணிக்கட்டுல ஒரு புள்ளின்னு பார்க்கும். அந்தப் புள்ளிங்க எப்படி நகருதுன்னு கவனிக்கும். பாட்டும் அப்படித்தான். சத்தம் எங்க ஏறுது, எங்க இறங்குது, எப்ப திரும்ப வருதுன்னு கேட்டுக்கும். நாம காட்டுறதை எல்லாம் அப்படியே எடுத்துக்கும்."

"நானும் காட்டுறேன்மா!" டமாரம் நடுவில் வந்து குதித்தான்.

"நீ ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கிறியேடா. அதுக்குக் குழம்பிடும். நீ அப்புறம்."

அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

மிளகுக்கு இதில் ஒரு ரகசியச் சந்தோஷம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் கையைத் தூக்கினால் ஆசிரியர் கண்ணுக்குப் படாது. முன்னால் இருக்கும் உயரமான பிள்ளைகள் மறைத்துவிடுவார்கள். விளையாட்டில் ஆள் பிரிக்கும்போது கடைசியாகத்தான் அவள் ஞாபகம் வரும். ஆனால் மொட்டை அப்படி இல்லை. அவள் கை அசைந்ததும் சட்டென்று திரும்பும். அதன் கண் விளக்குகள் பச்சையாகும். இந்த உலகத்தில் தனக்காகவே காத்திருக்கும் ஒருவர் இருப்பதுபோல அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

வார்டுக்குப் போவதற்கு முந்தின நாள் அது நடந்தது.

மிளகு முகம் கழுவிவிட்டு, தன் மூக்குக்கண்ணாடியை அலமாரியிலேயே விட்டுவிட்டு முன்னறைக்கு வந்தாள். "மொட்டை, வா" என்று கையை அசைத்தாள்.

மொட்டை வரவில்லை.

மறுபடியும் அசைத்தாள். அது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது, டமாரத்துக்கு நிற்பது போலவே.

ஓடிப்போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தாள். ஈர மூக்கில் கண்ணாடி சறுக்கியது. விரலால் மேலே தள்ளினாள். கையை அசைத்தாள். குடுகுடுவென்று வந்துவிட்டது மொட்டை.

மிளகு அப்படியே நின்றாள். பிறகு மெதுவாக ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். கண்ணாடியைத் தள்ளாமல் கையை அசைத்தாள். வரவில்லை. தள்ளிவிட்டு அசைத்தாள். வந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் மூக்கில் விரலை வைத்துத் தள்ளிவிட்டு அசைத்தாள். அதற்கும் வந்தது!

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டு மூக்குகளே அப்படித்தான். அம்மா, அப்பா, மிளகு மூன்று பேரும் கண்ணாடி போட்டவர்கள். மூன்று பேர் மூக்கிலும் கண்ணாடி நிற்காது. எதைச் செய்வதற்கு முன்னாலும் ஒரு தள்ளு தள்ளிக்கொள்வார்கள். அவர்களுக்கே அது தெரியாது. மொட்டை மட்டும் அதைக் கவனமாகப் பார்த்து வைத்திருக்கிறது! கண்ணாடியைத் தள்ளிவிட்டுக் கையை அசைத்தால்தான் 'வா' என்று அது படித்துவிட்டது. அந்த வீட்டில் கண்ணாடி போடாத ஒரே ஆள் டமாரம்.

'அம்மாகிட்ட சொல்லணும்' என்று திரும்பினாள். சமையலறையில் அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். "நாளைக்குக் கொண்டு வரேன் சிஸ்டர். ரொம்ப நல்லாக் கத்துக்கிச்சு."

மிளகு சமையலறை வாசலிலேயே நின்றாள்.

சொன்னால் அம்மா சரிசெய்துவிடுவாள். சரிசெய்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் மொட்டை போகும். எல்லோரிடமும் குடுகுடுவென்று ஓடும். அதை நினைத்தபோது, கையில் இருந்த ஏதோ ஒன்றை யாரோ பிடுங்குவது போல இருந்தது.

'அப்புறம் சொல்லிக்கலாம்.'

வாசலில் டமாரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆச்சரியமாக, சத்தமே இல்லாமல்.

"என்னடா?"

"அதுக்கு என்னைப் பிடிக்கலை அக்கா."

மிளகு தன் பிஸ்கட்டில் பாதியை உடைத்து அவனிடம் கொடுத்தாள். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. மீதிப் பாதி பிஸ்கட் அவளுக்கு இனிக்கவே இல்லை.

மறுநாள் அப்பாவுக்குத் தையல் வேலை இருந்ததால் அம்மாவும் பிள்ளைகளும் மட்டும் மொட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

குழந்தைகள் வார்டில் மருந்து வாசனையும் துவைத்த போர்வை வாசனையும் கலந்து வந்தன. ஜன்னல் ஓரக் கட்டிலில் ஒரு பையன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனுடைய இரண்டு கைகளும் தோளிலிருந்து விரல் வரை மாவுக்கட்டில் இருந்தன. துணி மாட்டும் ஸ்டாண்ட் மாதிரி இருந்தான்.

"எங்க சர்க்கஸ் இவர்தான்" என்று வார்டு சிஸ்டர் அறிமுகம் செய்துவைத்தார். "கையை விட்டுட்டு சைக்கிள் ஓட்டினார்."

"கொஞ்ச தூரம் நல்லாத்தான் ஓட்டினேன் சிஸ்டர்" என்றான் அவன். "சுவருதான் குறுக்க வந்துடுச்சு."

அம்மா மொட்டையை வார்டின் நடுவில் நிறுத்தினாள். கண்ணாடியைத் தள்ளிவிட்டுக் கையை அசைத்தாள். மொட்டை பச்சைக் கண்ணோடு ஓடிவந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். சர்க்கஸ் காலால் கட்டிலைத் தட்டினான்.

"இப்ப நீங்க கூப்பிடுங்க" என்றாள் அம்மா.

தொண்டையில் கட்டுப் போட்டிருந்த ஒரு பெண் வெட்கத்தோடு கையை அசைத்தாள். மொட்டை நின்றது. அடுத்த கட்டில் பையன் அசைத்தான். மொட்டை நின்றது.

"வெளிச்சம் கண்ல அடிக்குது போல" என்று அம்மா திரையை இழுத்துவிட்டாள். அப்போதும் நின்றது. அம்மா அசைத்துக் காட்டினாள், வந்தது. பிள்ளைகள் அசைத்தார்கள், நின்றது.

"பாட்டுப் போடட்டுமா ஆன்ட்டி?" என்று ஒரு பையன் கேட்டான். பாட்டு வந்தது. நல்ல ஆட்டப் பாட்டு. மொட்டை தூண் மாதிரி நின்றது. அம்மாவின் காதுகள் சிவந்தன. என்ன தப்பு என்று புரியாதபோதுதான் அம்மாவின் காது அப்படிச் சிவக்கும். மிளகுக்கு அது தெரியும்.

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "பரவாயில்லைம்மா. எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணுங்க. ஆனா அடுத்த தடவை எப்ப நேரம் கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது. வேற ஏதாவது பொம்மை வாங்கிக்கலாம்னும் மேல பேசிக்கிட்டு இருக்காங்க."

அப்போது ஜன்னல் ஓரத்திலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. சர்க்கஸ் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த தன் காலின் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டிருந்தான். மொட்டை அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அதுக்கு எங்களைப் பிடிக்கலை போல" என்றான்.

மிளகு டமாரத்தைப் பார்த்தாள். டமாரம் சர்க்கஸைப் பார்த்துக்கொண்டிருந்தான், 'எனக்கும் அப்படித்தான்' என்பது போல. அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அம்மா, வெளிச்சம் இல்லம்மா" என்றாள். "மூக்கு."

"என்னது?"

"நம்ம மூக்கு! நாம கண்ணாடியைத் தள்ளிவிட்டுத்தான் கையை ஆட்டுறோம். அது அதையும் சேர்த்துப் படிச்சிடுச்சு."

"நான் எங்கே தள்ளுறேன்?" என்று கேட்டுக்கொண்டே அம்மா கண்ணாடியைத் தள்ளினாள். விரல் மூக்கிலேயே நின்றுவிட்டது. வார்டு முழுக்கச் சிரிப்பு.

மிளகு தொண்டையில் கட்டுப் போட்ட பெண்ணிடம் போனாள். "உன் மூக்குல கண்ணாடி இருக்கிற மாதிரி நினைச்சுக்கோ. இப்படித் தள்ளு. இப்பக் கூப்பிடு."

அந்தப் பெண் இல்லாத கண்ணாடியைத் தள்ளினாள். கையை அசைத்தாள். மொட்டை கண்கள் பச்சையாகி, குடுகுடுவென்று அவள் கட்டிலுக்கு ஓடியது. மிளகைத் தாண்டித்தான் ஓடியது. மிளகு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் வலித்தது. அந்தப் பெண் சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்ததைப் பார்த்தபோது, வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

அம்மா அவள் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள். "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்தே."

"ஏன்டா கண்ணு சொல்லலை?"

"எல்லார்கிட்டயும் போகாம என்கிட்ட வர்றது..." மிளகு தரையைப் பார்த்தாள். "நல்லா இருந்துச்சு."

அம்மா மிளகின் தலையைத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள். "எனக்கும்தான் நல்லா இருந்துச்சு. நான் கூப்பிட்டதும் வருதேங்கிற சந்தோஷத்துல, உன் தம்பி கூப்பிட்டா ஏன் வரலைன்னு நான் யோசிக்கவே இல்லை."

"சரிம்மா, பாட்டுக்கு ஏன் ஆடலை? பாட்டுக்கும் மூக்கா?" என்று டமாரம் கேட்டான்.

மிளகு கண்ணை மூடி வீட்டு முன்னறையை நினைத்துப் பார்த்தாள். சாயங்காலம். அம்மா தரையில். ஒலிபெருக்கியில் பாட்டு. மூலையில் அப்பா, குனிந்த தலை, சட்டைத் துணி...

சட்டென்று கண்ணைத் திறந்தாள். "டேய், அப்பா மிஷின் மாதிரி சத்தம் போடுவியே, அதைப் போடு."

"இங்கேயா? சத்தமாவா?"

"உன்னால எவ்வளவு முடியுமோ அவ்வளவு சத்தமா."

அவன் பிறந்ததிலிருந்து யாரும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை. டமாரம் நம்ப முடியாமல் சிஸ்டரைப் பார்த்தான். சிஸ்டர் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார். அம்மா பாட்டை மறுபடியும் போட்டாள். அவன் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டான்.

"டகடகடகடகடக! டக்... டக்... டகடகடகடகடக!"

பாட்டோடு மிஷின் சத்தமும் சேர்ந்ததும் மொட்டையின் தலை நிமிர்ந்தது. இடம் சாய்ந்தது, வலம் சாய்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றி ஆட ஆரம்பித்தது. அப்பாவின் தையல் மிஷின் இல்லாமல் மொட்டை இதுவரை ஒரு பாட்டுக்கூடக் கேட்டதில்லையே!

"டேய் தம்பி, நிறுத்தாதடா!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். டமாரத்தின் முகம் சிவந்து, வியர்த்து, மின்னியது. மொட்டை அவனையே பார்த்து ஆடிக்கொண்டிருந்தது.

எல்லோரும் இல்லாத கண்ணாடியைத் தள்ளித் தள்ளி மொட்டையைக் கூப்பிட்டார்கள். அது ஒவ்வொரு கட்டிலாக ஓடி ஓய்ந்தது. அந்தக் கூச்சலில் சர்க்கஸ் மட்டும் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததை மிளகு பார்த்தாள். அவனால் மூக்கையும் தொட முடியாது, கையையும் அசைக்க முடியாது.

அவன் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். "உன்னால எதை நல்லா ஆட்ட முடியும்?"

"வாயை" என்றான் சர்க்கஸ். பிறகு கட்டைவிரலைக் காட்டினான். "அப்புறம் இதை."

மிளகு எழுந்து அம்மாவிடம் ஓடினாள். "அம்மா, கட்டைவிரலை ஆட்டினாலும் 'வா'ன்னு இதுக்குக் கத்துக்கொடுக்க முடியுமா?"

"முடியும். ஆனா ஒரு ஆளு மட்டும் காட்டினா மறுபடி இதே மூக்குக் கதைதான். வேற வேற ஆளுங்க, வேற வேற மாதிரி, நிறையத் தடவை காட்டணும்."

மிளகு வார்டைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியில் ஏறி நின்றாள். ஆள் பிரிக்கும்போது யார் கண்ணுக்கும் படாத மிளகுதான்.

"எல்லாரும் போர்வையை விலக்குங்க! காலை நீட்டுங்க!"

போர்வைகள் விலகின. கருத்த கால், வெளுத்த கால், சாக்ஸ் போட்ட கால், நகத்தில் சாயம் பூசிய கால். சிஸ்டர்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினார். அம்மா மடிக்கணினியைத் திறந்தாள். மொட்டை கட்டில் கட்டிலாகப் போய்க் கால்களைப் பார்த்தது. பாதிப் பேர் கட்டைவிரலை ஆட்டச் சொன்னால் பாதம் முழுவதையும் ஆட்டினார்கள். ஒருவனுக்குக் கூச்சமே தாங்கவில்லை, சிரிப்பில் படுக்கையே ஆடியது.

"நான் நிக்கணுமாம்மா?" என்று டமாரம் ஒற்றைக் காலில் குதித்தபடி கேட்டான்.

"நிக்காதே" என்றாள் அம்மா. "நீ குதிச்சுக்கிட்டே காட்டு. அதுக்கு அதுவும் தெரியட்டும்."

வெயில் ஜன்னலிலிருந்து இறங்கிச் சுவரோரம் போகும்வரை பாடம் நடந்தது. கடைசியில் அம்மா, "இப்பப் பார்க்கலாம்" என்றாள். வார்டு அமைதியானது.

சர்க்கஸ் கட்டைவிரலை ஆட்டினான்.

மொட்டை நின்றது. பிறகு தலையைத் திருப்பியது. தயங்கியது. கண்கள் மெல்லப் பச்சையாயின. குடுகுடுவென்று ஜன்னல் ஓரக் கட்டிலுக்குப் போய் நின்றது.

"வந்துட்டியா?" என்றான் சர்க்கஸ்.

சிஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "இது இங்கேயே இருக்கட்டும்மா. பொம்மை எல்லாம் வேண்டாம்னு மேல நான் சொல்லிக்கிறேன்."

மொட்டை வார்டிலேயே தங்கிவிட்டது. அம்மா அடிக்கடி போய், கண்ணாடியைத் தள்ளாமல் கூப்பிட்டாலும் வர, மிஷின் சத்தம் இல்லாத பாட்டுக்கும் ஆட, அந்தப் பிள்ளைகளை வைத்தே அதற்குக் கற்றுக்கொடுத்தாள். வீட்டில் மொட்டை நின்ற மூலை காலியாக இருந்தது. டமாரம் அங்கே தன் பந்தை வைத்தான். மிளகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், கை தானாக ஒரு முறை அசையும்.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மிளகும் டமாரமும் வார்டுக்குப் போவார்கள். உள்ளே நுழைந்ததும் கட்டில்களிலிருந்து வரிசையாகக் கட்டைவிரல்கள் அவர்களைப் பார்த்து ஆடும்.

அப்படி ஒரு நாள் அவர்கள் போனபோதுதான் சர்க்கஸுக்கு மாவுக்கட்டுப் பிரித்திருந்தார்கள். இரண்டு கைகளும் மெலிந்து, வெளுத்து மடியில் கிடந்தன. "மெதுவா ஆட்டிப் பாரு" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தாராம்.

"என்னடா பண்ணப் போறே முதல்ல?" என்று டமாரம் கேட்டான். "சைக்கிளா?"

சர்க்கஸ் வலது கையை மெல்லத் தூக்கினான். விரலை மூக்கில் வைத்து, அங்கே இல்லாத கண்ணாடியை ஒரு தள்ளுத் தள்ளினான். மிளகைப் பார்த்துச் சிரித்தான். பிறகு கையை அசைத்தான்.

மொட்டை குடுகுடுவென்று ஓடிவந்தது.

கண்ணாடியைத் தள்ளாமலே கூப்பிட்டிருந்தாலும் இப்போது அது வந்திருக்கும். அது அவனுக்கும் தெரியும், மிளகுக்கும் தெரியும்.